காகிதக் காகத்துக்குக் கால் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆனதும் எழுதுபொருள் கடைகளில் ஆயத்தமாக வெட்டி ஒட்டிய மயில், கிளி, புறா உருவங்கள் வரிசையாகத் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. மழலையர் வகுப்பிலும் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளிலும் பறவைகள் பற்றிய பாடம் வருகிறது. "நாளைக்கு ஒரு பறவை செய்து கொண்டு வா" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறார்கள். பெற்றோர் இரவில் கடைக்கு ஓடுகிறார்கள். மறுநாள் வகுப்பறைச் சுவரில் ஜிகினா ஒட்டிய மயில்கள் ஒன்றைப் போலவே ஒன்று வரிசை கட்டி நிற்கின்றன. அந்த மயிலைச் செய்ததில் குழந்தையின் பங்கு, அதைப் பள்ளிப் பையில் நசுங்காமல் தூக்கி வந்தது மட்டுமே. தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, காகித வேலை கற்பித்து வருகிறவள் என்ற முறையில், இது குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பறவைகளின் அறிவைச் சிறு பிள்ளைகளுக்குக் கதையாலும் காகிதத்தாலும் கற்பிக்க முடியும். ஆனால் அந்தக் காகிதப் பறவை சுவரில் தொங்கும் படமாக இல்லாமல், உண்மைப் பறவை செய்யும் ஒரு காரியத்தையாவது செய்து காட்டும் கருவியாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் நூலகத்தில் செய்யும் காகத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையே உடம்பு. அலகின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனித் துண்டுகள். இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு, நூலைக் கோத்து, இரு புறமும் முடிச்சுப் போட்டுவிட்டால் அலகு திறந்து மூடும். கீழ் அலகில் ஓர் ஈர்க்குச்சியை ஒட்டிவிட்டால் பின்னாலிருந்து அசைக்கலாம். வடை என்பது நடுவில் ஓட்டை போட்ட வட்ட அட்டை. கதையில் நரி வந்து, "காக்கா, உன் குரல் எவ்வளவு இனிமை, ஒரு பாட்டுப் பாடேன்" என்று கெஞ்சும் இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். "பாடணும், வடையும் விழக்கூடாது, உங்க காக்காவை வச்சுச் செஞ்சு காட்டுங்க" என்பேன். பிள்ளைகள் அலகைத் திறக்கிறார்கள், வடை விழுகிறது. மெதுவாகத் திறக்கிறார்கள், அப்போதும் விழுகிறது. ஒருத்தி வடையை அலகிலேயே கோந்து போட்டு ஒட்டிவிட்டு, காகத்தால் வாயைத் திறக்கவே முடியவில்லை என்று சிணுங்கினாள். இவ்வளவும் ஆன பிறகு, யாராவது ஒரு குழந்தை, பெரும்பாலும் அதிகம் பேசாத குழந்தை, "இதுக்குக் காலே இல்லையே டீச்சர்" என்று சொல்லும். அந்த வார்த்தைக்காகத்தான் அன்றைக்குக் காகத்தைக் காலில்லாமல் வெட்டிக் கொடுத்திருப்பேன்.

அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் காகத்துக்குக் கால் வெட்டுகிறது. காலையும் நூல் முடிச்சால் அசையும்படி பொருத்துகிறது. வடையைக் காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, காகம் வாய் கிழியப் பாடுகிறது. காகம் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடியதாக முடிவை மாற்றிச் சொல்வது நம் ஊரில் புதிதல்ல. பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்லும் பழைய திருப்பம்தான். ஆனால் அது வேடிக்கையோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. நூலக வாசலில் டீக்கடை இருக்கிறது. அங்கே கிடக்கும் பஜ்ஜித் துண்டையோ ரொட்டித் துண்டையோ எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் பறக்கும் காகம், அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அலகால் பிய்த்துத் தின்பதை எவரும் பார்க்கலாம். கதை முடிந்ததும் பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துச் சென்று, "அதோ, அந்தக் காக்காவோட காலைப் பாருங்க" என்று சொல்லும்போது, தினமும் பார்த்த காகத்தை அவர்கள் புதிதாகப் பார்க்கிறார்கள். கையில் காகிதக் கால் இருந்ததால்தான் கண்ணுக்கு உண்மைக் கால் தெரிந்தது. கடையில் வாங்கிய ஜிகினா மயிலால் இந்த வேலை ஆகாது.

தாகம் கொண்ட காகம் குடத்தில் கல் போட்ட கதையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான இந்தக் கதையைப் பறவைகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பேர்டு என்பவரும், நேதன் எமரி என்ற மற்றோர் ஆய்வாளரும், நான்கு ரூக் காகங்களுக்கு முன்னால், தண்ணீரில் புழு மிதக்கும் கண்ணாடிக் குழாயையும் சில கற்களையும் வைத்தார்கள். அலகுக்கு எட்டும் அளவுக்குத் தண்ணீர் உயரும் வரை அவை கற்களைப் போட்டன; சிறிய கல்லும் பெரிய கல்லும் கிடந்தபோது பெரிய கல்லைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டன; தண்ணீருக்குப் பதிலாக மரத்தூள் இருந்த குழாயில் கல் போடுவதால் பயனில்லை என்பதையும் விரைவில் புரிந்துகொண்டன. காட்டில் வாழும்போது கருவி எதையும் பயன்படுத்தும் வழக்கமில்லாத பறவை ரூக் என்பதுதான் இதில் வியப்பு. 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் இதே போன்ற சோதனையைக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் முதல் முயற்சியிலேயே செய்துவிட்டார்கள். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளோ ஏறத்தாழ காக இனப் பறவைகளைப் போலவே சில முறை முயன்று பார்த்த பிறகுதான் தேர்ந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், "இந்தக் கணக்கில் நீயும் காகமும் ஒரே வகுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குக் காகத்தின் மேல் வரும் மரியாதை எந்த நீதிபோதனையாலும் வராது.

இதை வகுப்பறையில் செய்வதற்குச் செலவே கிடையாது. குறுகிய வாய் கொண்ட ஒரு சொம்பு, கூழாங்கற்கள், கசக்கி உருட்டிய காகித உருண்டைகள், தண்ணீரில் மிதக்க ஒரு வேர்க்கடலைத் தோல், இவை போதும். காகித உருண்டை முதலில் மிதக்கும், பிறகு ஊறிச் சொதசொதத்து மெதுவாக அமிழும், தண்ணீரோ ஏறுவதாகத் தெரியாது. கல் உடனே மூழ்கும், தண்ணீர் ஏறும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தங்கள் விரலால் கண்டுபிடிக்கிறார்கள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. "அடியில் கொஞ்சூண்டு தண்ணீர்" என்றுதான் நாம் எல்லோரும் கதையில் சொல்கிறோம். சொம்பில் கால் பங்கு தண்ணீர்தான் இருக்கிறது என்றால், எத்தனை கூழாங்கல் போட்டாலும் தண்ணீர் கற்களின் இடுக்குகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளுமே தவிர மேலே வராது. பாதியாவது இருந்தால்தான் வாய் வரை ஏறும். கதையில் வரும் காகத்துக்கு அதிர்ஷ்டமும் இருந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று பிள்ளைகள் கதையையே திருத்திவிட்டார்கள். இப்போது எங்கள் நூலகத்தில் அந்தக் குடத்தில் எப்போதும் அரைக்குடம் தண்ணீர்தான்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவின் காகங்களைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது. அவை குச்சிகளையும் இலைகளையும் கருவியாக்கி மரப்பொந்துகளில் இருக்கும் புழுக்களை எடுப்பவை. 2002-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பெட்டி என்ற காகத்துக்கும் ஏபெல் என்ற காகத்துக்கும் நேரான கம்பி ஒன்றையும் கொக்கியாக வளைந்த கம்பி ஒன்றையும் வைத்தார்கள். குழாயின் அடியில் கைப்பிடியுள்ள சிறு வாளியில் தீனி இருந்தது. வளைந்த கம்பியை ஏபெல் தூக்கிக்கொண்டு போய்விட்டதால், பெட்டி நேர்க்கம்பியைத் தானே கொக்கியாக வளைத்து வாளியை மேலே தூக்கியது. இந்த இனக் காகங்கள் காட்டிலும் மெல்லிய குச்சிகளை வளைப்பதுண்டு என்பது 2016-இல் தெரியவந்ததால், பெட்டியின் செயல் திடீரெனத் தோன்றிய மேதைமைதானா என்ற கேள்வி பிறகு எழுந்தது. அந்தக் கேள்வியையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவர்கள் அதை ரசிக்கவே செய்கிறார்கள்.

இதே சோதனையைக் குழந்தைகளுக்கு வைத்தபோது கிடைத்த முடிவு, 2011-இல் வெளிவந்தது, காகித வேலை கற்பிக்கும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. கைவினைக் கடைகளில் கிடைக்கும், பஞ்சு சுற்றிய வளையும் கம்பியைக் கொடுத்து, குழாயின் அடியிலுள்ள வாளியை எடுக்கச் சொன்னபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அதைக் கொக்கியாக வளைக்கத் தோன்றியது. ஆனால் ஒருவர் வளைத்துக் காட்டியதைப் பார்த்துவிட்டால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளாலும் அதைச் செய்ய முடிந்தது. சிறு பிள்ளைகளுக்குப் பார்த்துச் செய்வது மிக எளிது, தானாகத் தோன்றுவது மிகக் கடினம் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆகவே கைவேலை வகுப்பில், ஆசிரியர் முதலிலேயே மாதிரியைச் செய்து பலகையில் ஒட்டிவிட்டால், பிள்ளைகள் அதைப் பார்த்து அழகாகச் செய்துவிடுவார்கள், அவர்களுக்குள் ஒன்றும் நடந்திருக்காது. எப்போதும் காட்டாமலே இருந்தாலும் அழுதுவிடுவார்கள். கொஞ்ச நேரம் திணறவிட்டு, ஒரு பிள்ளைக்காவது வழி தோன்றும் வரை பொறுத்து, தோன்றவே இல்லையென்றால் மட்டும் காட்டிக் கொடுப்பது என்பது ஆசிரியரின் கைப்பக்குவத்தைச் சேர்ந்த விஷயம். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதற்கு நிமிடக் கணக்கு எழுதிவிட முடியாது.

முகமூடி செய்வது பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த காகித வேலை. ஆனால் பறவை முகமூடியைப் போட்டுக்கொண்டு மேடையில் வரிசையாக நின்று இரண்டு வரிப் பாட்டைப் பாடுவதோடு நம் ஆண்டு விழாக்களில் அது தீர்ந்துபோகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் முகமூடியை வைத்தே காகத்தின் நினைவாற்றலைச் சோதித்தார். அவருடைய குழுவினர் குகை மனிதன் முகமூடியை அணிந்துகொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் சில காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டுவிட்டார்கள். அதன் பிறகு யார் அந்த முகமூடியை அணிந்துகொண்டு நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தித் துரத்தின. அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் முகமூடியை அணிந்தவரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிடிபடாத காகங்களும், பிறகு பிறந்த குஞ்சுகளும்கூட அந்தக் குகை மனிதனைத் திட்டக் கற்றுக்கொண்டன. ஆண்டுகள் போகப் போகத் திட்டும் காகங்களின் எண்ணிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை.

இந்தச் செய்தியைச் சொல்ல ஒரு விளையாட்டுப் போதும். இரண்டே இரண்டு மனித முகமூடிகளைச் செய்துகொண்டு, ஒரு பிள்ளையைப் பிடிப்பவராகவும் மற்றவர்களைக் காகங்களாகவும் வைக்க வேண்டும். முகமூடியை ஆள் மாற்றி ஆள் அணியும்போது, காகங்கள் ஆளைப் பார்த்துக் கத்துகின்றனவா முகத்தைப் பார்த்துக் கத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். எந்த ஊரிலும் ஒரு பையனாவது எழுந்து, தங்கள் தெரு வேப்பமரத்துக் காகம் தன் மாமாவை மட்டும் தலையில் கொத்துவதாகச் சொல்லாமல் இருக்கமாட்டான். கூட்டில் குஞ்சு இருக்கும் நாள்களில் மரத்தடியில் போகிறவர்களைக் காகம் கொத்துவது நாம் எல்லோரும் அறிந்ததுதான். மாமா கூட்டைக் கலைத்தாரா என்று அவனையே விசாரித்து வரச் சொல்லலாம். ஆனால் முகமூடியை அணிந்துகொண்டு உண்மைக் காகங்களைச் சீண்டிப் பார்க்கும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும். அது பறவைக்கும் நல்லதல்ல, பிள்ளையின் உச்சந்தலைக்கும் நல்லதல்ல.

தூக்கணாங்குருவியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் எச்சரிக்கை தேவை என்று நினைக்கிறேன். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த குருவியின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் கூட்டை நெய்வது ஆண் குருவி. முழுதும் கட்டி முடிக்க அதற்குச் சுமார் 18 நாள்கள் ஆகும். அதில் தலைக்கவசம் போன்ற பாதிக்கூடு உருவாகவே 8 நாள்கள் வரை ஆகும். அந்த நிலையில் பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கும். ஒன்று சம்மதித்துத் தங்கினால்தான் ஆண் குருவி கீழ்நோக்கித் தொங்கும் வாசல் குழாயை நெய்து முடிக்கும். நாள்காட்டித் தாள்களை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாகக் கிழித்து, ஒரு கையின் இரண்டு விரல்களை மட்டும் அலகாக்கிக்கொண்டு, ஒரு குச்சியில் முடிச்சுப் போட்டுப் பார் என்றால் பிள்ளைகளுக்கு அந்தக் குருவியின் வேலை எவ்வளவு கடினம் என்பது புரிந்துவிடும். ஓலையில் கிலுகிலுப்பையும் கிளியும் முடையத் தெரிந்த தாத்தா யாராவது ஊரில் இருந்தால் அன்றைக்கு அவரையே ஆசிரியராக அழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கூடு கட்டும் எல்லாவற்றையும் காகத்தின் சமயோசிதத்தோடு ஒரே தட்டில் வைத்து "அறிவாளிப் பறவை" என்று எழுதிப்போடுவது சரியல்ல. நெய்யும் நாட்டம் தூக்கணாங்குருவிக்குப் பிறவியிலேயே வருவது. நேர்த்தி பழக்கத்தால் வருவது. ஆப்பிரிக்க நெசவுக் குருவிகளை நீண்டகாலம் ஆராய்ந்த நிக்கோலஸ், எல்சி கோலியாஸ் தம்பதியர், இளமையில் நார் கிடைக்காமல் வளர்ந்த ஆண் குருவிகளுக்குப் பின்னால் நெய்வது எளிதில் கைகூடவில்லை என்பதைக் கண்டார்கள். முதன்முதலாக நெய்யும் இளங்குருவியின் வேலை கோணல்மாணலாகத்தான் இருக்கும் என்று சொன்னதும், கிழிந்த பட்டைகளை வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருக்கும் குழந்தை நிமிர்ந்து உட்காருகிறது. தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் ஈரமண்ணை அப்புவது உண்மை. அந்த மண்ணில் மின்மினிப் பூச்சியை ஒட்டி விளக்கேற்றுகிறது என்பது அழகான கதை. கதையைக் கதை என்று சொல்லியே சொல்லலாம். பாடநூல் தொனியில் அதை உண்மையாக்கிவிட வேண்டாம்.

குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் செய்தியை, "காகம் ஏமாளி" என்று முடித்துவிடுவது நம் வழக்கம். முகங்களை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் ஒரு பறவை, தன் முட்டைக்கும் அயல் முட்டைக்கும் வேறுபாடு காணாமல் போவது எப்படி என்பது உண்மையிலேயே சுவையான கேள்வி. பழைய செய்தித்தாளை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்த பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதே கூழில் பிள்ளைகளைக் கொண்டு முட்டைகள் உருட்டி, வெளிறிய நீலப்பச்சை பூசிப் பழுப்புப் புள்ளி வைக்கச் சொல்லி, சற்றுச் சிறிதாக ஒரு குயில் முட்டையையும் நடுவில் கலந்து வைத்துத் தேடச் சொன்னால், அரை இருட்டில் அவர்களும்தான் ஏமாந்துபோகிறார்கள். ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் கோட்டை விடுவதை அவர்கள் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பதால், இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

அறிவுள்ள பறவை என்று கேட்டால் நம் பிள்ளைகள் முதலில் சொல்வது கிளியைத்தான். அதற்குக் காரணம் சோதிடரின் கூண்டு. சிறகு வெட்டப்பட்டு, ஒரு நெல்மணிக்காகச் சீட்டெடுக்கும் கிளியைப் பறவையின் அறிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. நம் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். கிளியின் அறிவைச் சொல்ல வேண்டுமானால் அலெக்ஸின் கதையைச் சொல்லலாம். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் வாங்கி வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் நிறக் கிளி அது, 2007-இல் இறந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை அறிந்திருந்தது; நிறத்தையும் வடிவத்தையும் சொன்னது; ஆறு வரை எண்ணிச் சொன்னது; இரண்டு பொருள்களைக் காட்டி, "எதில் ஒன்றுபோல், எதில் வேறு" என்று கேட்டால் நிறம் என்றோ வடிவம் என்றோ விடை சொன்னது. அலெக்ஸுக்குத் தொடக்கத்தில் கற்பிக்கப்பட்ட பொருள்களுள் காகிதமும் ஒன்று என்பது என் போன்ற காகித வேலைக்காரிக்குத் தனி மகிழ்ச்சி. வண்ணத் தாள்களில் முக்கோணமும் சதுரமும் வெட்டி, ஒரு பிள்ளை பெப்பர்பெர்க்காகவும் இன்னொரு பிள்ளை அலெக்ஸாகவும் உட்கார்ந்து கேள்வி கேட்டு விளையாடும்போது, ஒன்றாம் வகுப்புக் கணக்குப் பாடம் தானே உள்ளே வந்துவிடுகிறது. அலெக்ஸும் கூண்டுப் பறவைதானே என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். ஆம் என்பதைத் தவிர வேறு பதில் எனக்கில்லை.

கதை சொல்லும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கதையின் கடைசியில் "இதிலிருந்து நாம் அறிவது என்ன?" என்று கேட்கும் பழக்கத்தைக் கொஞ்ச காலத்துக்காவது நிறுத்தி வைக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டதும் பிள்ளைகள் பறவையை விட்டுவிட்டு, பெரியவர்கள் எதிர்பார்க்கும் விடையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். "பேராசை கூடாது", "புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது" என்று ஒப்பிப்பார்கள். பறவைக்கு ஒரு சிக்கல் வரும் இடத்தில் கதையை நிறுத்தி, கையில் காகிதத்தைக் கொடுத்து, "இப்போ அது என்ன செய்யும்?" என்று கேட்பதே போதுமானது. உண்மைப் பறவை செய்யாத தீர்வைப் பிள்ளைகள் சொன்னாலும் மறுக்க வேண்டியதில்லை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் போதும். காகத்துக்கு நடிகரைப் போலக் குரல் மாற்றிப் பேசுவதைவிட, நம் ஊரில் உள்ள இரண்டு காகங்களையும், அதாவது கழுத்தில் சாம்பல் நிறம் உள்ள வீட்டுக்காகத்தையும், முழுக்கக் கறுத்துத் தடித்த அலகு கொண்ட அண்டங்காக்கையையும், அவற்றின் குரலாலேயே வேறுபடுத்திக் கரைந்து காட்டத் தெரிந்த ஆசிரியரைப் பிள்ளைகள் மறப்பதில்லை. எனக்கு அண்டங்காக்கையின் குரல் நன்றாக வரும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பணியிலிருக்கும் ஆசிரியர்கள் கேட்பார்கள். நானும் அந்த வகுப்புகளில் நின்றவள்தான், கேள்வி நியாயமானது. நாற்பது காகங்கள் தேவையில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு காகம் போதும். அவர்களுக்குள் நடக்கும் சண்டையிலேயே பாதிப் பாடம் நடந்துவிடும். பழைய பத்திரிகை அட்டையும் நாள்காட்டித் தாளும் மைதாப் பசையும் ஈர்க்குச்சியும் எந்த ஊரிலும் கிடைக்கும்; தெர்மாகோலும் ஜிகினாத் தூளும் தேவையே இல்லை. கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். ஊசித்துளை இடும் வேலை பெரியவர்களுடையது. கூடுகளைத் தொடுவதும், தரையில் விழுந்து கிடக்கும் குஞ்சை வளர்க்கிறேன் என்று வீட்டுக்குத் தூக்கி வருவதும் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

2022-ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் கதைக்கும் பாட்டுக்கும் கைவேலைக்கும் வகுப்பறையில் இடம் கொடுத்திருப்பது வரவேற்கத்தக்கது. அந்த இடத்தில் நம் சுற்றுப்புறப் பறவைகள், அவை உண்மையில் செய்யும் காரியங்களோடு, இன்னும் கூடுதலாக வர வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஒரு நாள் பயிற்சியில் அலகு அசையும் காகம் ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுத்துவிட முடியும். தனியார் பள்ளி நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் இன்னும் எளியது: பெற்றோர் செய்து தரும் பறவையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் இப்போது வண்ணம் தீட்டும் படமும் புள்ளி இணைக்கும் படமும் வெளிவருகின்றன. மாதத்தில் ஒரு வாரமாவது, வெட்டி ஒட்டி அசைக்கக்கூடிய ஒரு பறவையின் வரைபடத்தையும், சிக்கல் வரும் இடத்தில் நின்றுவிடும் ஒரு சிறு கதையையும், அந்தப் பறவையை எங்கே, எந்த நேரத்தில் பார்க்கலாம் என்ற இரண்டு வரிக் குறிப்பையும் வெளியிட வேண்டுகிறேன். கதையின் முடிவை அடுத்த வாரம், பிள்ளைகள் எழுதி அனுப்பியவற்றோடு சேர்த்து வெளியிடலாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சிறு பிள்ளைகளும் பெற்றோருடன் கலந்துகொள்ள முடியும் என்பதால், மார்கழியில் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும். முதல் வரைபடமாகக் காகத்தைப் போடுவதானால், காலை மட்டும் தனித்துண்டாக அடுத்த வாரம் வெளியிடுங்கள். வரைபடம் தேவையென்றால் நாங்கள் செய்து பழகியதைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
மதுரை மாவட்டம்.